பன்னிரண்டு வருடமும் மூன்று மாதமும்



ஓர் ஆணும் பெண்ணும் கடைசி வரை நண்பர்களாகவே இருக்க முடியுமா? நமக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஓர் உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. எழுதுகிறவர்களில் சிலர் கல்லூரியில் படிப்பவர்கள். சிலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். இந்த மாதம் ஒரு படத்தை முன்வைத்து இதைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று நினைத்தேன். 1989இல் வெளிவந்த 'வென் ஹாரி மெட் சாலி'. இயக்கியவர் ராப் ரைனர், எழுதியவர் நோரா எஃப்ரான். ஹாரியாக பில்லி கிரிஸ்டல், சாலியாக மெக் ரயன். காதல் நகைச்சுவைப் படங்களில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1977இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த இருவர், ஒருவரையொருவர் அதிகம் அறியாதவர்கள், ஒரே காரில் நியூயார்க் போகிறார்கள். பதினெட்டு மணி நேரப் பயணம். ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்கவே முடியாது, ஆசை குறுக்கே வந்துவிடும் என்று ஹாரி வழியெல்லாம் அடித்துச் சொல்கிறான். சாலிக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். ஊர் வந்ததும் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு விமானத்தில் பார்க்கிறார்கள், எரிச்சல் அப்படியே இருக்கிறது. இன்னும் ஐந்து வருடம் கழித்து ஒரு புத்தகக் கடையில் பார்க்கும்போது இருவருமே அடிபட்டவர்கள். ஹாரியை மனைவி விட்டுப் போய்விட்டாள். சாலி பல வருடம் கூடவே இருந்த ஜோவைப் பிரிந்திருக்கிறாள். நட்பு அப்போதுதான் தொடங்குகிறது.

இந்தப் படத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஒரு தொலைபேசிக் காட்சி. இரவு. திரையின் ஒரு பாதியில் ஹாரி தன் வீட்டுக் கட்டிலில், மறு பாதியில் சாலி தன் வீட்டுக் கட்டிலில். இரண்டு வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரே படம் ஓடுகிறது: 'காஸாப்ளாங்கா'. இருவரும் ரிசீவரைக் காதில் வைத்தபடி அதைப் பார்க்கிறார்கள். கதாநாயகி எடுத்த முடிவு சரியா தவறா என்று வாதம் செய்கிறார்கள். இடையிடையே பேச்சு நிற்கிறது. இருவரும் படத்தைப் பார்க்கிறார்கள். யாரும் அவசரமாகப் போனை வைத்துவிடுவதில்லை. பாதியாகப் பிரிந்த திரையில் இரண்டு கட்டில்களும் ஒட்டிக்கொண்டு நிற்பதால், நீண்டநாள் மணவாழ்க்கை நடத்தியவர்கள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருப்பது போலவே தெரிகிறது. ஆனால் அந்த இடத்தில் அவர்கள் நண்பர்கள் மட்டும்தான். அந்த நட்பில் எந்தக் குறையும் நமக்குத் தெரிவதில்லை. இருவரில் யாரும் அடுத்த கட்டத்துக்காக ஏங்கிக் காத்திருப்பதாகவும் படம் காட்டுவதில்லை.

இங்கேதான் இந்தப் படம் மற்ற காதல் படங்களிலிருந்து விலகி நிற்கிறது. பெரும்பாலான படங்களில் நட்பு என்பது காதலுக்குப் போகிற வழியில் வரும் பஸ் நிறுத்தம். ஏறவேண்டிய வண்டி வந்ததும் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 'வென் ஹாரி மெட் சாலி' தன் நடுப்பகுதி முழுவதையும் நட்புக்கே கொடுக்கிறது. அருங்காட்சியகத்தில் நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஒருவருக்கொருவர் துணை தேடித் தர முயல்கிறார்கள். சாலியின் தோழி மேரியை ஹாரிக்கும், ஹாரியின் நண்பன் ஜெஸ்ஸைச் சாலிக்கும் அறிமுகப்படுத்தும் இரவில் மேரியும் ஜெஸ்ஸும் ஒரே டாக்ஸியில் ஏறிப் போய்விடுகிறார்கள்! கேரி ஃபிஷரும் புரூனோ கிர்பியும் அந்த இருவராக அவ்வளவு பொருத்தம்.

இந்த நட்பு இவ்வளவு உண்மையாக இருப்பதற்குக் காரணம், படம் பிறந்த விதம். 1980களின் நடுவில் ரைனர் மணமுறிவுக்குப் பின் தனியாக இருந்தார். அவரும் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ ஷைன்மனும் தங்கள் தனிவாழ்க்கையைப் பற்றி எஃப்ரானிடம் மனம் திறந்து பேச, அவர் ஒரு பத்திரிகையாளராகக் கேள்வி கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். எஃப்ரான் பத்திரிகையில் தொடங்கியவர், அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஹாரியின் சோர்வும் எல்லாவற்றுக்கும் ஒரு தத்துவம் சொல்லும் குணமும் ரைனரிடமிருந்து வந்தவை. அவருடைய நெருங்கிய நண்பரான கிரிஸ்டல் அந்த நாட்களைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர். சாலியிடம் இருப்பது எஃப்ரான்தான். ஓர் ஆண் தன்னைப் பற்றி உண்மையைச் சொல்ல, ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, பதிலுக்குத் தன் பக்க உண்மையையும் சொல்லியிருக்கிறார். எழுத்து மேசையில் நடந்த இந்த உரையாடல்தான் திரையிலும் நடக்கிறது. எஃப்ரானுக்கு இந்தத் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பிரிட்டனின் பாஃப்டா விருதையும் பெற்றார்.

சாலி உணவகத்தில் ஆர்டர் கொடுக்கும் காட்சியைப் பாருங்கள். ஆப்பிள் பை வேண்டும், அது சூடாக இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் அதன் மேல் வேண்டாம், தனியாக வேண்டும். வெனிலா வேண்டாம், ஸ்ட்ராபெர்ரி இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் ஐஸ்கிரீமே வேண்டாம், க்ரீம் போதும், அதுவும் டப்பாவில் அடைத்தது என்றால் வேண்டாம். இது எஃப்ரானின் சொந்தப் பழக்கம். படம் வந்து சில காலத்துக்குப் பின் விமானத்தில் அவர் இப்படி ஆர்டர் கொடுக்க, பணிப்பெண் அவரைப் பார்த்து இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். முதலில் இந்தக் குணம் ஹாரிக்கு விநோதமாகப் படுகிறது. படத்தின் முடிவில், அவளிடம் தனக்குப் பிடித்தவை என்று அவன் வரிசையாகச் சொல்லும்போது இதுவும் அதில் வருகிறது. வெளியே இதமாக இருக்கும்போதும் அவளுக்குக் குளிர்வது, அவன் உளறும்போது அவள் புருவத்துக்கு நடுவே விழும் சுருக்கம், தூங்கும் முன் கடைசியாகப் பேசத் தோன்றுவது அவளிடம்தான் என்பது. கண்டதும் காதலித்த ஒருவனால் இந்தப் பட்டியலைச் சொல்ல முடியாது. கூடவே இருந்து கவனித்த நண்பனால் மட்டுமே முடியும்.

நடுவில் நட்பு உடைகிறது. ஜோவுக்குத் திருமணம் என்று கேள்விப்பட்டுச் சாலி அழுத இரவில் ஹாரி ஆறுதல் சொல்ல வருகிறான், அன்றிரவு அவர்கள் நண்பர்கள் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். ஹாரி அன்றே சொன்னது சரியாகிவிட்டது என்று இதைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நட்பை உடைத்தது அந்த இரவு அல்ல, மறுநாள் காலை அவன் பேசாமல் நழுவியது. அதுவரை எதையும் பேசித் தீர்த்தவர்கள், பேச வேண்டிய ஒரே நாளில் பேசவில்லை. அதற்குப் பிறகு வரும் ஒரு சிறிய காட்சி மனதை அறுக்கும். முந்தைய வருடம் ஹாரியும் சாலியும் சேர்ந்து கிறிஸ்துமஸ் மரத்தைத் தெருவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த வருடம் சாலி தனியாக இழுத்துக்கொண்டு போகிறாள். வசனமே இல்லாமல் ஒரு நண்பனின் இழப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடுகிறது.

படத்தின் முதல் வடிவத்தில் இருவரும் சேரவில்லை. அவரவர் வழியில் போய்விடுவதாகத்தான் எழுதியிருந்தார்கள். படப்பிடிப்பு நடந்த காலத்தில் ரைனர் மிஷேல் சிங்கரைச் சந்தித்தார், 1989இல் அவரை மணந்துகொண்டார். முடிவும் மாறியது. பிரிவுதான் யதார்த்தம் என்று எஃப்ரானே கருதினார். எனக்கோ மாற்றிய முடிவுதான் சரி. ரசிகர்களைத் திருப்திப்படுத்த ஒட்டவைத்த முடிவாக அது தோன்றவில்லை. அதற்கு வேண்டிய ஆதாரத்தைப் படம் காட்சி காட்சியாக முன்பே சேர்த்து வைத்திருக்கிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்த இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பது பேச்சில்தான் தெரிகிறது, வேலை செய்து நாம் அதிகம் பார்ப்பதில்லை. பணக் கவலை இல்லாத நியூயார்க் இது. ஆனாலும் உறவைப் பற்றிச் சொல்வதில் படம் பொய் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2022இல் இதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாத்திருக்கிறது.

கதைக்கு நடுவே அவ்வப்போது வயதான தம்பதிகள் சோபாவில் அமர்ந்து தாங்கள் சேர்ந்த கதையைச் சொல்வார்கள். கதைகள் நிஜமானவை, திரையில் சொல்பவர்கள் நடிகர்கள். தனக்கு நிச்சயித்த பெண்ணை முன்பே பார்த்துவிட வேண்டும் என்று ரகசியமாக அவள் கிராமத்துக்குப் போய், மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்த ஒருவர் அதில் வருகிறார். நம் வாசகர்களில் பலருக்கு அவரைப் பார்த்தால் தங்கள் தாத்தா நினைவு வரும். கடைசியில் அதே போன்ற சோபாவில் ஹாரியும் சாலியும் உட்கார்ந்து, பன்னிரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆனது என்று சொல்கிறார்கள். அந்த மூன்று மாதம் காதலித்து மணம் முடிக்க. பன்னிரண்டு வருடம் அறிமுகத்துக்கும் நட்புக்கும். கல்யாண கேக்கில் கூடச் சாக்லேட் சாஸ் தனியாகத்தான் வைக்கப்பட்டது.

இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள், முடிந்தால் ஒரு நண்பரோடு. பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் உங்கள் நட்பின் கதையை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். கல்யாணத்தில் முடிந்த கதைகள் மட்டும் வேண்டும் என்பதில்லை. முப்பது, நாற்பது வருடம் நட்பாகவே நிலைத்த கதைகளைப் படிக்க நான் இன்னும் ஆவலாக இருக்கிறேன். அடுத்த இதழில் அவற்றுக்கென்றே பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்