மிஞோசோவும் பேனா பிடித்தவர்களின் பாவமும்

1980ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். பத்திரிகை அலுவலகமொன்றில் இரவுப் பணியிலிருந்த இளம் உதவி ஆசிரியன் நான். ரெலிபிரின்ரரில் வந்து குவிந்த வெளிநாட்டுச் செய்திகளுள் ஒன்று, சிக்காகோவில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் பேஸ்போல் ஆட்டத்தில் மட்டை பிடித்தார் என்றது. பக்கத்தில் இரண்டங்குல இடம் காலியாகக் கிடந்தது. 'மட்டை பிடித்த தாத்தா' என்று தலைப்பிட்டு, விந்தைச் செய்தியாகப் பெட்டிகட்டிப் போட்டேன். அச்சுக்கோப்பாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மனிதர் யார் என்று தேடிப் பார்க்கும் எண்ணம் எனக்கு எழவேயில்லை.

அவர் பெயர் மின்னி மிஞோசோ. கியூபாவின் மத்தான்சாஸ் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்து வளர்ந்தவர். பிறந்த ஆண்டு 1923 என்பாரும் 1925 என்பாரும் உளர். அமெரிக்காவின் பெரிய லீக்குகள் 1947 வரை கறுப்பு நிறத்தவருக்குக் கதவடைத்திருந்தபடியால், கறுப்பர்களுக்கென இயங்கிய லீக்கில் 'நியூயோர்க் கியூபன்ஸ்' அணிக்கு 1946 முதல் ஆடினார். 1947இல் அந்த அணி கறுப்பர் லீக்கின் உலகத்தொடரை வென்றது. 1949இல் கிளீவ்லண்ட் அணி அவரைக் களமிறக்கியபோது, பெரிய லீக்கில் ஆடிய முதலாவது கறுப்பின இலத்தீன் அமெரிக்கர் ஆனார். ஆனால் ஒரு சில ஆட்டங்களுடன் அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கழிந்தன இரு பருவங்கள்.

1951 மே முதலாம் திகதி சிக்காகோ வைற் சொக்ஸ் அணியின் முதலாவது கறுப்பின வீரராக, புகழ்பெற்ற யாங்கீஸ் அணிக்கு எதிராக ஆடுகளம் புகுந்தார். சந்தித்த முதல் வாய்ப்பிலேயே பந்து எல்லைச் சுவரைத் தாண்டியது. அந்தப் பருவத்தில் அவரது அடிச் சராசரி .326. எறிபவரின் கண்ணைத் தப்பி அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதைத் 'தளம் திருடுதல்' என்பார்கள். அதில் அந்த ஆண்டும் அடுத்த இரு ஆண்டுகளும் அமெரிக்கன் லீக்கில் அவரே முதல்வர். ஆயினும் ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது யாங்கீஸின் கில் மக்டூகல்டுக்குப் போயிற்று. அவரது சராசரி .306. வாக்களித்தவர்கள் யார் என்று கேட்கிறீர்களா? பத்திரிகையாளர்கள். என் இனத்தவர்கள்.

இடது வெளிக்களத்தில் நின்று அவர் பந்து பிடித்த திறனுக்கு, தங்கக் கையுறை விருது தொடங்கப்பட்ட 1957லேயே அது கிடைத்தது. பின்னர் மேலும் இரு தடவைகள். மட்டை பிடிக்கும்போது தளத்தை நெருங்கி நின்று பந்தை உடம்பில் வாங்குவார். அப்படி வாங்கினால் முதல் தளம் இலவசம். பத்துப் பருவங்களில் அவரே லீக்கில் அதிகமாக அடிவாங்கியவர். 1955இல் பந்து தலையில் பட்டு மண்டையோட்டில் வெடிப்பு விழுந்தது. தேறியதும் மறுபடியும் அதே இடத்தில்தான் நின்றார். எறிந்தவர்கள் எல்லோரும் தவறுதலாகவே எறிந்தார்கள் என்று நம்புமளவுக்கு நான் அப்பாவி அல்லன்.

கறுப்பின வீரர்களுக்கு ஜாக்கி ராபின்சன் எப்படியோ, இலத்தீன் அமெரிக்க வீரர்களுக்கு மிஞோசோ அப்படி என்று புவேர்ட்டோ ரிக்கோவின் ஒர்லாண்டோ செபேடா எழுதியிருக்கிறார். செபேடா புகழ் மண்டபத்தில் இருந்தார். மிஞோசோ வெளியே நின்றார்.

கூப்பர்ஸ்டவுனிலுள்ள அந்தப் புகழ் மண்டபத்துக்கு ஆளைத் தெரிபவர்கள், எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டு உறுப்புரிமை பெற்ற பேஸ்போல் நிருபர்கள். நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும். 1969இல் மிஞோசோ பெயர் வாக்குச்சீட்டில் வந்தது. ஏறெடுத்துப் பார்த்தவர் சிலரே. அதன் பிறகு அவர் மெக்சிக்கோவில் 1973 வரை முழுநேரமாக ஆடிக்கொண்டிருந்தார் என்பதை இவர்கள் யாரும் சொல்வதில்லை. 1976இல் வைற் சொக்ஸ் உரிமையாளர் பில் வீக் அவரை மூன்று ஆட்டங்களில் இறக்கினார். எட்டு முயற்சிகளில் ஓர் அடி. 1980இல் இன்னும் இரண்டு முயற்சிகள். வீக் சீட்டு விற்கத் தெரிந்த மனிதர். கூட்டம் சேர்க்கும் உத்தி அது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டு முயற்சிகளால், ஐந்து தசாப்தங்களில் ஆடிய விந்தை மனிதர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்திய பதினைந்து ஆண்டு உழைப்பு அதன் கீழே புதைந்துபோயிற்று.

1986 முதல் 1999 வரை அவர் பெயர் மீண்டும் சீட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் வாக்களித்தவர்களுள் எத்தனை பேர் 1951இன் மிஞோசோவைக் கண்ணால் கண்டிருப்பர்? அவர்கள் கண்டது என்னைப் போன்றவர்கள் பெட்டிகட்டிய தாத்தாவை. கால் பங்கு வாக்குகூட ஒரு தடவையும் விழவில்லை.

எண்ணிக்கை போதவில்லை என்பது அவர்கள் வாதம். 1,963 அடிகள், இரண்டாயிரத்தைத் தொடவில்லையாம்! வெள்ளை நிறத்தவராகப் பிறந்திருந்தால் இருபது வயதிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கியிருப்பார். கதவை அடைத்து வைத்துவிட்டு, ஏன் தாமதமாக வந்தாய் என்று கேட்பது என்ன நியாயம்? 2020 டிசம்பரில் கறுப்பர் லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று நிர்வாகம் அறிவித்ததும் அந்த எண் தானாகவே இரண்டாயிரத்தைத் தாண்டிற்று. ஒரு பந்தும் புதிதாக அடிக்கப்படவில்லை. கணக்கெழுதியவர்கள் கண்ணைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

2006இல் கறுப்பர் லீக் வீரர்களுக்கான விசேட குழு, 2011இலும் 2014இலும் முதியோருக்கான குழு: மூன்றும் அவரைக் கைவிட்டன. 2015 மார்ச் முதலாம் திகதி மிஞோசோ காலமானார். 2021 டிசம்பரில் தெரிவு செய்தார்கள். 2022 யூலையில் விழா நடந்தபோது அவர் சார்பில் பேசியவர் அவருடைய மனைவி. அதே நாளில் சேர்க்கப்பட்ட இன்னொரு கியூப வெளிக்கள வீரர் ரொனி ஒலிவாவுக்கு வயது எண்பத்து நான்கு. அவர் மேடையேறும் பேறு பெற்றார். கூடவே சேர்க்கப்பட்ட பக் ஓ'நீல், 2006இல் குழுவால் நிராகரிக்கப்பட்டு, அதே ஆண்டில் கண்மூடியவர்.

இது தற்செயல் என்று சொல்பவர்கள் ரொன் சான்ரோவைப் பார்க்கட்டும்: 2010இல் மரணம், 2011இல் தெரிவு. டிக் அலன்: 2014இல் ஒரே ஒரு வாக்கினால் தோல்வி, 2020இல் மரணம், 2024இல் தெரிவு. அதே 2024 டிசம்பர் வாக்குச்சீட்டில் 229 வெற்றிகளைப் பெற்ற கியூபப் பந்தெறிவாளர் லூயிஸ் தியாந்தின் பெயரும் இருந்தது. நியூயோர்க் கியூபன்ஸ் அணியில் மிஞோசோவுடன் ஆடிய மூத்த தியாந்தின் மகன் அவர். ஒக்டோபரில் இறந்துபோயிருந்தார். அவரைத் தெரியவில்லை.