எலுமிச்சம்பழம் வைக்கிற டயரை ஒருதரம் குனிஞ்சு பார்த்தீங்களா?



நீளமான பதிவு. படிச்சா சில அண்ணன்மார்களுக்குக் கோபம் வரும். வரட்டும். கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் நம்ம கோயில்ல வாகன பூஜை. தொண்டூழியர்கள் ஆளுக்கொரு வேலை. எனக்குக் கிடைச்சது எலுமிச்சம்பழம் வைக்கிற வேலை. ஒவ்வொரு வண்டியா குனிஞ்சு, டயருக்கு முன்னால பழத்தை வெச்சிட்டு நகரணும். கார்கள் முடிஞ்சு பெரிய மோட்டார் வரிசைக்கு வந்தேன். குனிஞ்சவன் கண்ணு டயர்ல படாம வேற எங்க படும்?

முதல் வண்டி ஒரு ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1800. குரோம் எல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னுது. மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் ஜோர். பின் டயர் பக்கச்சுவர்ல நாலு எண்: 1415. அதாவது 2015ஆம் ஆண்டு 14ஆவது வாரத்துல செஞ்ச டயர். எண்ணைச் சுத்தி முடி மாதிரி மெல்லிய வெடிப்பு. வண்டிக்காரர் என்னைவிட மூத்தவர், மரியாதைக்குரியவர். மெதுவா, "அண்ணே, இதை மாத்திடுங்கண்ணே"ன்னு சொன்னேன். சிரிச்சிட்டே, "பூ இன்னும் இருக்கு தம்பி, நல்லா பாரு"ன்னார். அடுத்த மாசம் அண்ணியைப் பின்னால ஏத்திக்கிட்டு ஹாட்யாய் போறாராம்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு. அவர் ஒருத்தர் சொல்றதா இருந்தா விட்டுடலாம். நம்ம கான்வாய்ல பாதிப்பேர் இதைத்தான் சொல்றாங்க.

*பூவை வெச்சு டயருக்கு வயசு சொல்லாதீங்க*

மலாய்ல 'புங்கா'ன்னு சொல்றதைத்தான் நாமளும் டயர் பூன்னு சொல்றோம். தினமும் வேலைக்கு ஓடுற கப்சாய்க்கு அந்தக் கணக்கு சரி. வயசாகிறதுக்கு முன்னாடியே அது தேஞ்சு போயிடும். டூரிங் வண்டி அப்படியா ஓடுது? ஞாயிற்றுக்கிழமை காலையில ரொட்டி சானாய் சாப்பிட ஒரு ஓட்டம். வருஷத்துல ரெண்டு மூணு நீண்ட பயணம். மிச்ச நாளெல்லாம் வீட்டு முன்னால துணி போர்த்திக்கிட்டு நிக்குது. ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகும். வெயில், சூடு, காத்துல இருக்கிற ஓசோன், எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கிடும். பூ இருக்கும், பிடி இருக்காது. காய்ஞ்ச ரோட்டுல அது தெரியாது. மழை பெய்ஞ்சு கராக் ஹைவேயில இறங்கும்போதுதான் தெரியும். அப்போ தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

இது நான் சொந்தமா கண்டுபிடிச்சது இல்ல. டயர் பயன்படுத்தத் தொடங்கி 5 ஆண்டு ஆனா, வருஷத்துக்கு ஒருமுறை தெரிஞ்சவர்கிட்ட காட்டணும், செஞ்ச தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனா, பார்க்க நல்லா இருந்தாலும் மாத்திடணும்னு மிச்செலின் கம்பெனியே சொல்லுது. அந்தப் 10 கடைசி எல்லை. அதுவரைக்கும் ஓட்டலாம்னு கொடுத்த உத்தரவாதம் இல்ல. வெடிப்பு தெரிஞ்சிடுச்சா, எத்தனை வயசுன்னு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

*'டயர்னா டயர்தானே' கட்சிக்கு*

பக்கச்சுவர்ல இருக்கிற எண்களை யாரும் அழகுக்கு அடிக்கல. 2001 முதல் 2017 வரைக்கும் வந்த ஜிஎல்1800க்கு முன்னால 130/70 ஆர்18, பின்னால 180/60 ஆர்16 74எச். அந்த 74 என்ன தெரியுமா? ஒரு டயர் தாங்கக்கூடிய பாரத்தோட குறியீடு. 74ன்னா 375 கிலோ. எச்ன்னா மணிக்கு 210 கிலோமீட்டர் வரைக்கும்.

கணக்குப் போடுங்க. வண்டி மட்டுமே 400 கிலோவைத் தாண்டும். அண்ணன் 90, அண்ணி 65, பெட்டிகள்ல துணிமணி, அதோட ஹாட்யாய்ல இருந்து திரும்பி வரும்போது வாங்கிட்டு வர்ற சாமான். 580, 590 கிலோ ஆயிடுச்சு. பின்னால ஆள், பின்னால பெட்டி. அதனால பாதிக்கு மேல பின் டயர் தலையிலதான். 375க்கும் அதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி கிடையாது. இந்த நிலைமையில, அளவு பொருந்துது, விலை கம்மின்னு குறியீடு 69 போட்ட டயரை மாட்டினா? அது தாங்கறது 325 கிலோ. 50 கிலோ போச்சு. கடைக்காரர் மலிவா கொடுத்தார்னு சந்தோஷப்படற விஷயமா இது?

இன்னொன்னு. அந்த 375 கிலோவும் காத்து சரியா இருந்தாத்தான். இந்த வண்டிக்கு முன்னால 36, பின்னால 41 பிஎஸ்ஐ. பெட்ரோல் நிலைய மெஷின்ல பார்த்தா ஏறத்தாழ 250, 280. 'நம்ம ஊரு வெயிலுக்குக் காத்து விரியும், கொறைச்சு வை'ன்னு ஒரு பெரிய மேதாவித்தனம் நம்மகிட்ட சுத்துது. தலைகீழ் பாடம் அது. காத்து கொறைஞ்சா பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி விரியும். அந்த மடிப்புதான் சூட்டையே கிளப்புது. காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது அளந்து வைங்க. நூறு கிலோமீட்டர் ஓடிட்டு அளந்தா கூடுதலாத்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிடாதீங்க.

*பின்னால கார் டயர் மாட்டற வீரர்களுக்கு*

இது இப்போ ஒரு ஃபேஷன். கார் டயர் போட்டா ரெண்டு மூணு மடங்கு ஓடும், விலையும் கம்மி, ரன்ஃபிளாட் போட்டா பஞ்சர் பயமும் இல்லைன்னு சொல்றாங்க. கூட நாள் ஓடும், உண்மைதான். மறுக்கல. ஏன் ஓடுதுன்னு யோசிச்சீங்களா? கார் சாயாது. அதனால அதோட டயர் தட்டையா இருக்கு. மோட்டார் சாய்ஞ்சாத்தான் திரும்பும். அதனால அதோட டயர் உருண்டையா இருக்கு. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும்போது கார் டயர் மாட்டின கோல்ட்விங் எதுல நிக்குது? டயரோட ஓரத்துல. தட்டை அடி ரோட்டை விட்டுத் தூக்கிக்கிட்டு, வண்டியை நிமிர்த்தப் பார்க்கும். நீங்க ஹேண்டிலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ரிம்மில் டயர் உட்கார்ற விளிம்பும் காருக்கு வேற, மோட்டாருக்கு வேற. 'பத்து வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகல'ன்னு ஒரு அண்ணன் சொன்னார். ஆகாத வரைக்கும் எல்லாருக்கும் அதேதான் பேச்சு. ஆகிப்போச்சுன்னா, இன்சூரன்ஸ்காரர் ஏன் கார் டயர்னு கேட்டா, என்ன பதில் வெச்சிருக்கீங்க?

*'பெரிய வண்டிக்கு பேலன்ஸ் தேவையில்ல'*

இங்க என் தப்பையும் சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி முன் டயர் மாத்தினேன். ஒர்க்ஷாப்புல, "உங்க வண்டி கனம் பாஸ், தானாவே உட்கார்ந்துக்கும், பேலன்ஸ் எல்லாம் வேண்டாம்"ன்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்தேன். 90க்கு மேல போனா கைப்பிடியில ஒரு நடுக்கம். ரோட்டைத் திட்டினேன். ரெண்டு மாசம் ரோட்டையே திட்டினேன். பின்னால உட்கார்ந்திருந்த என் மனைவிதான் சொன்னாங்க: "ரோடு மாறிக்கிட்டே இருக்கு, நடுக்கம் மாறலையே." வேற இடத்துல கழட்டிப் பார்த்தா, 30 கிராம் ஏறுமாறு.

30 கிராம்தானேன்னு சிரிக்காதீங்க. மணிக்கு 110ல அந்தச் சக்கரம் ஒரு வினாடிக்கு 15 தடவை சுத்துது. ரிம்மில் இருக்கிற அந்த 30 கிராம், ஒவ்வொரு சுத்துலயும் 6 கிலோ பாரம் மாதிரி சக்கரத்தை இழுக்கும். வினாடிக்கு 15 தடவை! வேகம் பாதியானா இழுப்பு கால்வாசி ஆயிடும், ஒன்றரை கிலோ. அதனாலதான் தாமான் உள்ளே ஓட்டிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஹைவேயில தெரியும். வண்டி எவ்வளவு கனமா இருந்தாலும் இந்த இழுப்பு குறையாது. கனமான வண்டி அதை உங்க கைக்குக் காட்டாம மறைக்கும், அவ்வளவுதான். அடியெல்லாம் டயருக்கும் பேரிங்குக்கும் போகும். டயர் திட்டுத் திட்டா தேயும்.

பின் ஏன் வேண்டாம்கிறாங்க? உண்மையைச் சொல்றேன். பல இடத்துல மோட்டார் சக்கரத்துக்கான அடாப்டர் இல்ல. ஜிஎல்1800 பின் சக்கரம் கார் மாதிரி அஞ்சு நட்டுல ஒரே பக்கமா மாட்டறது. அதுக்குத் தனி அடாப்டர் வேணும். இல்லாத சாமானை 'தேவையில்ல'ன்னு சொல்றது வியாபாரம். அதை நம்பறது நம்ம தப்பு.

அதனால டயர் மாத்தும்போது பக்கத்துலயே நில்லுங்க. வெக்கப்படாதீங்க, காசு உங்களது. பழைய எடையை எல்லாம் பிச்சு எடுத்து ரிம்மைத் துடைச்சாங்களா பாருங்க. ரப்பர் வால்வையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. டயர்ல மஞ்சள் புள்ளி இருந்தா அதுதான் லேசான பக்கம், அது வால்வுகிட்ட வரணும். சுத்தற திசை அம்புக்குறி சரியா இருக்கணும். மெஷின் இல்லைன்னா ஸ்டாண்டு போதும். அச்சுல வெச்சு விட்டா கனமான பக்கம் தானா கீழ வந்து நிக்கும், நேர் எதிரே மேல எடை ஒட்டணும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அங்கேயே நின்னா முடிஞ்சது வேலை. எடை ரொம்ப அதிகமா தேவைப்பட்டா ஒட்டிக்கிட்டே போகாம, டயரை ரிம்மில் அரைச் சுத்து திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க. புது டயர் வழுக்கும், முதல் 150 கிலோமீட்டர் நிதானமா போங்க.

எல்லா நடுக்கமும் பேலன்ஸ் இல்ல. வேகம் குறையும்போது, 60க்குக் கீழ கைப்பிடி ஆடினா, முன் டயர் தேய்மானத்தையும் ஸ்டியரிங் பேரிங்கையும் பாருங்க.

*காசு*

ஒரு ஜோடி நல்ல டயர் ஆயிரம் வெள்ளிக்கு மேல. எனக்கும் வலிக்குது. ஆனா ஸ்பீக்கருக்கும் எல்இடி விளக்குக்கும் குரோமுக்கும் கொட்டினப்போ இந்த வலி எங்க போச்சு? அறுநூறு கிலோவும் ரோட்டைத் தொடறது ரெண்டே இடத்துல, ஒவ்வொண்ணும் ஒரு உள்ளங்கை அளவு. அதுல ஒண்ணு உங்களோடதுன்னா, பின்னால உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்களோடது இன்னொண்ணு. அவங்க டயரைக் குனிஞ்சு பார்க்கல. உங்களை நம்பி ஏறி உட்கார்ந்திருக்காங்க.

எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாம்னு சொல்ல வரல. அடுத்த வருஷமும் நான்தான் வைப்பேன். பழத்தை வைக்கும்போது, அந்த நாலு எண்ணையும் ஒருதரம் படிங்கன்னுதான் கேட்கிறேன்.

வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் கோயில் கார் நிறுத்துமிடத்துல இருப்பேன். டார்ச்சும் காத்து அளக்கிற கேஜும் கொண்டு வர்றேன். காசு வேண்டாம், லெக்சரும் அடிக்க மாட்டேன். எண்ணைப் படிச்சுச் சொல்றேன், வெடிப்பைக் காட்டறேன். டயர் ஆறியிருந்தாத்தான் அளவு சரியா வரும், அதனால பூஜைக்கு முன்னாடியே வந்து வண்டியை நிழல்ல நிறுத்திடுங்க.

1415 அண்ணே, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். கோபம் இருந்தாலும் வாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க.

பெரிய மோட்டார் வெச்சிருக்கிற நண்பர்களுக்குப் பகிருங்க.