முப்பது நொடியில் ஒரு நீதிபதி

2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் வந்துகொண்டிருந்தது. முப்பது நொடிகள்தாம். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பட்லரின் முகம் ஒரு பக்கம். குழந்தையைச் சீரழித்த குற்றவாளி ஒருவனின் முகம் மறுபக்கம். இருவரும் கறுப்பினத்தவர். பட்லர் அவனுக்காகச் சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார் என்றது குரல். அவன் பின்னர் இன்னொரு குழந்தையையும் சீரழித்தான் என்றது அடுத்த வாக்கியம். இத்தகையவரிடமா உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை ஒப்படைப்பீர்கள் என்கிற தொனியில் விளம்பரம் முடிந்தது.

இதை வெளியிட்டது ஏதோ முகமறியாத அமைப்பன்று. பட்லரை எதிர்த்து நின்றவரும் ஒரு நீதிபதியே. பர்னெட் கவுண்டி என்னும் சிறிய பகுதியின் விசாரணை நீதிமன்றத்தில் பணியாற்றி வந்த மைக்கேல் கேபிள்மன், தம் பிரசாரக் குழுவின் பெயரிலேயே அதை ஒளிபரப்பினார்.

நடந்தது இது. 1980களில் பட்லர், வசதியற்றோருக்காக அரசு அமர்த்தும் வழக்கறிஞராக இருந்தார். அந்த மனிதனின் மேல்முறையீட்டை நடத்துவது அவருக்கு இடப்பட்ட பணி. விசாரணையில் ஒரு பிழை நேர்ந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் 1988இல் மாநில உச்ச நீதிமன்றம், அப்பிழை தண்டனையைப் பாதிக்கும் அளவினதன்று என்று கூறி, தண்டனையை உறுதிசெய்துவிட்டது. அவன் சிறையிலேயே இருந்தான். உரிய காலத்தில் பரோலில் வெளிவந்த பிறகே மறு குற்றத்தைச் செய்தான். பட்லரின் வாதத்துக்கும் அவன் விடுதலைக்கும் எள்ளளவும் தொடர்பில்லை.

விளம்பரத்தின் வாக்கியங்களைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். ஓட்டை கண்டுபிடித்தார்: ஒரு வகையில் உண்மை. அவன் மறுபடி குற்றம் செய்தான்: முற்றிலும் உண்மை. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் பிறப்பது பொய். இரு நிகழ்ச்சிகளுக்கிடையே விட்ட இடைவெளியில் வாசகன் தானாகவே ஒரு காரணத்தை இட்டு நிரப்பிக்கொள்வான் என்பது சிறுகதை எழுத முயன்ற எவரும் அறிந்த பாலபாடம். நாம் கலையென்று போற்றுகிற அந்த இடைவெளியே இங்கு வேறொரு வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. இலக்கியப் பக்கத்தில் ஒரு தேர்தல் விளம்பரத்தைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு இதுதான் காரணம்.

அந்த ஏப்ரலில் ஏறத்தாழ 51க்கு 49 என்ற விழுக்காட்டில் கேபிள்மன் வென்றார். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி பதவியிழந்தார். பதவியிலிருக்கும் நீதிபதி ஒருவர் அங்கே தோற்றது 1967க்குப் பிறகு அதுவே முதல் முறை.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். மாநில நீதித்துறை ஆணையம் கேபிள்மன் மீது ஒழுங்கு நடவடிக்கை கோரியது. இறுதி முடிவைச் சொல்ல வேண்டியது அவர் அப்போது அமர்ந்திருந்த அதே உச்ச நீதிமன்றம். அவர் நீங்கலாக ஆறு பேர். 2010இல் மூவர், ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மையாகையால் விதிமீறல் இல்லை என்றனர். மற்ற மூவர், முழுமையாகக் கேட்பவர் பெறும் பொருளே பொருள், அது பொய் என்றனர். மூன்றுக்கு மூன்று, நடவடிக்கை நின்றுபோயிற்று. சொல்லின் பொருள் வாக்கியத்தில் இருக்கிறதா, பனுவலில் இருக்கிறதா என்று நம் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். ஒரு மனிதரின் பதவியும் நற்பெயரும் அக்கேள்வியில் தொங்கியதை இங்குதான் கண்டோம். நம் வாக்கு பின்சொன்ன மூவருக்கே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்தியாவில் நீதிபதிகள் வாக்குக் கேட்டு வீதிக்கு வருவதில்லை. ஆகவே இம்முறை எப்படித் தோன்றியதென்று இரண்டு வரி சொல்லத்தான் வேண்டும். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தல் வழியே தெரிவு செய்யத் தொடங்கியது. நியூயார்க் 1846இல் சேர்ந்தது. 1848இல் மாநிலமானபோதே விஸ்கான்சின் இவ்வழியை எடுத்துக்கொண்டது. ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் கைகட்டி நிற்காத நீதிபதி வேண்டும், அவனுக்கு மக்களின் பலம் வேண்டும் என்பதே அன்றைய சீர்திருத்தக்காரர்கள் பலரின் வாதம். சுதந்திரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட முறை இது. இதை மறந்துவிட்டு வெறும் கேலி செய்வது நமக்கு அழகன்று.

ஆயினும் விசாரணை நீதிபதியின் வாழ்வு என்பது என்ன? விஸ்கான்சினில் அவருக்கு ஆறாண்டுப் பதவிக்காலம். காலையில் குற்ற ஒப்புதல்கள், அதன்பின் ஒரு மணமுறிவு, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு, வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லும் மனு, மதியத்துக்குமேல் தண்டனை விதிப்பு. அவர் தனியாக அமர்கிறார். சாட்சியின் குரல் தடுமாறுவதை அவர்தான் கேட்கிறார். மேல்முறையீட்டு நீதிபதியோ சக நீதிபதிகளோடு அமர்ந்து காகிதத்தைப் படிப்பவர். சாட்சி நம்பத்தக்கவனா என்பதில் பெரும்பாலும் கீழ் நீதிபதியின் கணிப்புக்கே மேலவர்கள் மதிப்பளிப்பதற்குக் காரணம், முகத்தைப் பார்த்தவர் அவர் என்பதுதான்.

தண்டனை விதிக்கும் வேளையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அரசுத் தரப்பு ஒரு தொகை ஆண்டுகளைக் கோரும். எதிர்த்தரப்பு வேறொன்றைக் கோரும். பாதிக்கப்பட்டவர் பேசலாம். குற்றவாளிக்கும் பேச உரிமையுண்டு. அதன்பின் நீதிபதி, ஏன் இந்த அளவு தண்டனை, ஏன் இதற்குமேல் இல்லை என்பதைக் காரணங்களோடு வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அது பதிவாக வேண்டும். 2004இல் கேலியன் வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இதை மிக வலியுறுத்திக் கூறியது. ஆக, ஒவ்வொரு தண்டனைக்குப் பின்னும் ஒரு பனுவல் இருக்கிறது. சில பக்கங்கள் நீளும், சலிப்பூட்டும், இலக்கிய நயம் ஏதுமற்ற பனுவல். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களின் கூட்டுத்தொகையே அந்த நீதிபதி.

அவர் மேல்நீதிமன்றப் பதவிக்குப் போட்டியிடும் நாளில் எதிர்த்தரப்பின் ஆய்வாளர்கள் அப்பக்கங்களுக்குள் இறங்குகிறார்கள். அவர்கள் தேடுவது ஓர் எண். எத்தனை ஆண்டு கேட்டார்கள், எத்தனை ஆண்டு கொடுத்தார் என்கிற கழித்தல் கணக்கு. காரணங்கள் பதிவேட்டிலேயே தங்கிவிடும். எண் மட்டும் தொலைக்காட்சிக்கு வரும்.

2023இல் மில்வாக்கியின் விசாரணை நீதிபதி ஜேனட் ப்ரோட்டசேவிச் உச்ச நீதிமன்றப் பதவிக்கு நின்றபோது இதுவே நடந்தது. பாலியல் குற்ற வழக்கொன்றில் அவர் அளித்த தண்டனை குறைவு என்று எதிரணியை ஆதரித்த அமைப்பு விளம்பரம் செய்தது. அவ்வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் பின்னர் செய்தியாளரிடம் சொன்னார்: தமக்கு அத்தண்டனையில் குறையில்லை, தம்மைக் கேளாமல் வெளியிடப்பட்ட அவ்விளம்பரமே காயத்தை மறுபடி திறந்துவிட்டது. யாருடைய பெயரால் அறச்சீற்றம் கொள்கிறோமோ அவரைப் பற்றிய நினைவே இல்லாத அறச்சீற்றம் இது. ப்ரோட்டசேவிச் ஏறத்தாழ 11 விழுக்காடு வேறுபாட்டில் வென்றார் என்பதால் அப்பெண்ணுக்கு என்ன ஆறுதல்?

2025 ஏப்ரலில் இருபுறமும் விசாரணை நீதிபதிகளே நின்றார்கள்: டேன் கவுண்டியின் சூசன் கிராஃபர்ட், வாக்கெஷாவின் பிராட் ஷிமெல். செலவு ஏறத்தாழ 10 கோடி டாலர். அதற்குமுன் அமெரிக்காவில் எந்த நீதிபதித் தேர்தலும் அத்தொகையைத் தொட்டதில்லை. எலான் மஸ்க்கும் அவரைச் சார்ந்த அமைப்புகளும் ஷிமெலுக்காக 2 கோடி டாலருக்கும் மேல் இறைத்தனர். கிரீன் பே நகரில் பாலாடைக்கட்டி வடிவத் தொப்பி அணிந்து மேடையேறிய மஸ்க், இரு வாக்காளர்களுக்குத் தலா 10 லட்சம் டாலர் காசோலை வழங்கினார். கிராஃபர்ட் மீது பழைய தண்டனைகளைக் கொண்டு விளம்பரங்கள் வந்தன. ஷிமெல் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த காலத்தில் பாலியல் வன்முறைத் தடயங்கள் சோதிக்கப்படாமல் தேங்கிக் கிடந்ததைக் கொண்டு மறுதரப்பும் விளம்பரம் செய்தது. கிராஃபர்ட் 10 விழுக்காட்டு வேறுபாட்டில் வென்றார்.

இந்த முடிவைப் பார்த்து, பணம் தோற்றது, மக்கள் வென்றார்கள் என்று மகிழ்ந்த நண்பர்கள் உண்டு. நாமும் ஒரு கணம் மகிழ்ந்தோம். ஆனால் வென்ற பக்கத்திலும் கோடிக்கணக்கில் பணம் இருந்ததே! ஜான் கிரிஷாம் 2008இல் வெளியிட்ட ‘தி அப்பீல்’ நாவல், ஒரு முதலாளி மிசிசிப்பி உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடத்தைப் பணத்தால் பிடிப்பதைச் சொல்கிறது. விறுவிறுப்பான நூல்தான். எனினும் நோயைப் பணம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது அதன் குறை என்று நமக்குப் படுகிறது. பணமே இல்லாமற்போனாலும் நீதிபதியின் வாழ்வைக் கதையாகச் சொல்லியாக வேண்டிய நெருக்கடி மிஞ்சுகிறது. அக்கதையில் இரக்கத்துக்கு இடமில்லை. கடுமையாக இருந்ததற்காக ஒரு நீதிபதியைத் தூற்றும் விளம்பரத்தை எங்கே காண்கிறோம்?

இதன் விலையைக் கொடுப்பவர் வேட்பாளர் அல்லர். கிரிகரி ஹூபர், சான்ஃபோர்ட் கார்டன் என்னும் இரு அரசியல் அறிஞர்கள் பென்சில்வேனியாவின் விசாரணை நீதிபதிகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மறுதேர்தல் நெருங்க நெருங்கத் தண்டனைகள் நீள்கின்றன என்பது அவர்கள் கண்டது. அதே குற்றம், அதே சட்டம். குற்றவாளி கூண்டில் நிற்கும் மாதம் மட்டும் வேறு. அவன் பெயரை எந்த விளம்பரமும் சொல்லாது. அஞ்சி நீட்டப்பட்ட தண்டனை ஒரு கதையே ஆவதில்லை.

நம் கருத்துக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. நீதிபதிக்குக் கருத்துகள் உண்டு. அவற்றை ஒளித்துவைத்து நடுநிலை முகமூடியுடன் வருவதைவிட வெளிப்படையாகச் சொல்வது நேர்மையல்லவா? 2002இல் மினசோட்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேட்பாளர்கள் தம் கருத்துகளை அறிவிப்பதைத் தடுக்கும் விதி செல்லாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்த்தது. ப்ரோட்டசேவிச் தொகுதி வரைபடங்களைப் பற்றியும் கருக்கலைப்பு பற்றியும் தாம் நினைப்பதை மறைக்கவில்லை. முகமூடியைவிட முகம் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தம் வழக்கு வருமுன்பே நீதிபதியின் மனம் அறிந்துவிட்டவன், எதை நம்பி வாதாடுவான்?

அந்த மினசோட்டா வழக்கில் பெரும்பான்மையோடு சேர்ந்த சாண்ட்ரா டே ஓ'கானர், தனியே எழுதிய குறிப்பில், தேர்தல் முறையை வைத்துக்கொண்டு நடுநிலை குறைகிறதே என்று வருந்துவது மாநிலம் தானே தேடிக்கொண்ட துன்பம் என்ற கருத்தை வெளியிட்டார். அவர் அனுபவமின்றிப் பேசவில்லை. 1974இல் அரிசோனாவின் மாரிகோப்பா கவுண்டி விசாரணை நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நின்றே தெரிவானவர். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவர் சென்றது நியமனத்தால். 1981இல் நாட்டின் உச்ச நீதிமன்றம். ஓய்வுக்குப் பின்னர் நீதிபதித் தேர்தலுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். 2023இல் மறையும்வரை அவர் விரும்பிய மாற்றம் பெரிதாக வந்துவிடவில்லை.

தேர்தலை அடியோடு நீக்கினாலே எல்லாம் சீராகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. மேல்நீதிமன்றங்களுக்கேனும் குழு பரிந்துரைக்கும் நியமனமும், மீண்டும் வாக்குக் கேட்க வேண்டாத ஒரேயொரு நீண்ட பதவிக்காலமும் இருந்தால், கடைசித் தேர்தலை நினைத்துத் தண்டனை எழுதும் கையாவது நடுங்காமலிருக்கும். நியமனத்திலும் அரசியல் உண்டென்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். லூயிஸ் பட்லரே போதும். 2009இல் குடியரசுத் தலைவர் ஒபாமா அவரை ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு, அதாவது மறுபடியும் ஒரு விசாரணை நீதிபதியின் இருக்கைக்குப் பரிந்துரைத்தார். 2011 வரை அப்பெயர் மீண்டும் மீண்டும் செனட் சபைக்குப் போயிற்று. வாக்கெடுப்பே நடக்கவில்லை. மறுத்தவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று, விஸ்கான்சின் மக்கள் அவரை இருமுறை தேர்தலில் நிராகரித்துவிட்டார்கள் என்பது.