நாற்றங்காலைக் காப்பது யார்?

கடந்த 2025 ஜனவரியில், ஆமதாபாத் நரேந்திர மோடி விளையாட்டரங்கில் 'கோல்ட்பிளே' இசைக் குழுவைக் காண ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதே குழு 1998-இல் முதன்முதலாக மேடையேறியது, லண்டன் கேம்டன் பகுதியில் ஒரு சிறு மதுக்கூடத்தில். உலகை வலம்வரும் பிரிட்டிஷ் குழுக்கள் பலவற்றின் தொடக்கமும் இத்தகைய சிற்றரங்குகளே. அவைதாம் இன்று ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகின்றன.

2023-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 125 சிற்றரங்குகள் நேரடி இசை நிகழ்ச்சிகளைக் கைவிட்டன என்கிறது, அவற்றுக்காகப் பாடுபடும் 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' அமைப்பு. அவற்றுள் ஒன்று பாத் நகரின் 'மோல்ஸ்'. ஒயேசிஸ், ரேடியோஹெட் ஆகிய குழுக்கள் புகழ்பெறும் முன்பே பாடிய அந்த அரங்கு, 45 ஆண்டுகள் இயங்கிய பின் அவ்வாண்டு டிசம்பரில் கதவடைத்தது. எஞ்சியவற்றின் நிலையும் சிறப்பாக இல்லை; அவ்வாண்டில் அவற்றின் சராசரி லாபம் வருவாயில் ஏறத்தாழ 0.5 சதவீதமாக மட்டுமே இருந்தது.

இதற்கான காரணத்தைப் பொருளியல் அறிஞர்கள் பாமோலும் போவனும் 1966-லேயே விளக்கிவிட்டனர். தொழிற்சாலையில் இயந்திரங்களால் உற்பத்தித்திறன் பெருகுகிறது. அதையொட்டி ஊதியமும் உயர்கிறது. ஆனால், நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு அன்றும் நால்வர் தேவை. இன்றும் நால்வர் தேவை. செலவு ஏறுகிறது, திறன் ஏறுவதில்லை. பேரரங்கு இந்தச் சுமையைப் பல்லாயிரம் இருக்கைகளில் பகிர்ந்துவிடும். இருநூறு பேர் மட்டுமே நிற்கக்கூடிய அரங்கு என்ன செய்யும்? போதாக்குறைக்கு, நுழைவுச்சீட்டின் மீது 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி வேறு.

நஷ்டத்தில் நடக்கும் தொழில் மூடப்படுவது சந்தையின் நியதிதானே என்று சிலர் கேட்கலாம். முதலிட்டவருக்கே பலன் சேரும் இடத்தில் அந்த வாதம் சரி. இங்கே நிலைமை வேறு. அறிமுகமற்ற பத்துக் குழுக்களை மேடையேற்றி, ஒன்பதில் கையைச் சுட்டுக்கொள்பவர் சிற்றரங்கின் உரிமையாளர். பத்தாவது குழு புகழ்பெற்றதும் அதன் வருவாய் பேரரங்குகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் போய்ச் சேருகிறது. நாற்றங்கால் ஒருவருடையது, அறுவடை இன்னொருவருடையது என்றால், நாற்றுவிட யார்தான் முன்வருவர்?

2024 மே மாதத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று, பேரரங்கு நுழைவுச்சீட்டுகளிலிருந்து ஒரு சிறு பங்கைச் சிற்றரங்குகளுக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. தொழில்துறை தானாக முன்வராவிட்டால் சட்டம் தேவை என்றும் கூறியது. அரசும் தன்னார்வப் பங்களிப்பை ஆதரித்தது. சீட்டுக்கு ஒரு பவுண்டு என்பதே கோரிக்கை. ராயல் ஆல்பர்ட் ஹால் இதை ஏற்றது. கோல்ட்பிளேயும் தனது 2025 பிரிட்டன் நிகழ்ச்சிகளின் வருவாயில் 10 சதவீதத்தைத் தருவதாக அறிவித்தது.

இவை பாராட்டுக்குரியவை, ஆனால் போதுமானவை அல்ல. தன்னார்வத் திட்டத்தில் கொடுப்பவர் சுமக்கிறார், கொடாதவரும் அதே பலனைப் பெறுகிறார். பிரான்ஸ் இதைப் புரிந்துகொண்ட நாடு. அங்கே இசை நிகழ்ச்சிகளின் சீட்டு வருவாயில் 3.5 சதவீதம் சட்டப்படி வசூலிக்கப்பட்டு, தேசிய இசை மையத்தின் வழியாக அத்துறைக்கே திரும்புகிறது.

நிதிக்கு அடுத்தது நிலம். பெரும்பாலான சிற்றரங்குகள் வாடகைக் கட்டடங்களில் இயங்குகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதிக விலை கிடைக்கும் நாளில் அரங்கு வெளியேற வேண்டியதுதான். மான்செஸ்டர் அருகே ஆதர்டன் என்னும் சிற்றூரில் இதற்கொரு மாற்று முளைத்துள்ளது. பகலில் காபிக் கடையாகவும் மாலையில் இசையரங்காகவும் இயங்கும் 'தி ஸ்நக்' அமைந்த கட்டடத்தை, பொதுமக்களிடம் பங்குகள் விற்றுத் திரட்டிய நிதியைக் கொண்டு ஓர் அறப்பணி அமைப்பு 2023-இல் வாங்கியது. அரங்கு ஊர்மக்களுக்கு உரியதாகவே நீடிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஊரின் இளைஞர்கள் பாடிப் பழகவும், அயலார் ஒருவரையொருவர் அறியவும் இடமளிப்பவை இந்த அரங்குகள். அவற்றைப் பெருந்தன்மையின் தயவில் விடுவது அறிவுடைமை ஆகாது. அறுவடையில் பங்கு பெறும் ஒவ்வொருவரும் நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சியாக வேண்டும் என்பதைச் சட்டமே உறுதிசெய்யட்டும்!