இரண்டாவது ஓனருக்கும் சேர்த்து டிசைன் பண்ணுங்க

என்ஜினியரிங் எகனாமிக்ஸ்ல தேய்மானம்னு ஒரு பகுதி வருமே, ஞாபகம் இருக்கா? வாங்கின விலையிலிருந்து கடைசியில் கிடைக்கிற கழிவு மதிப்பைக் கழிக்கணும், வர்ற தொகையை ஆயுட்காலத்தால் வகுக்கணும், அதை வருஷா வருஷம் குறைச்சுக்கிட்டே வரணும். பரீட்சைக்கு அது போதும். இப்போ அதே கணக்கை ஒரு நிஜக் காருக்குப் போட்டுப் பார்ப்போம்.

2016 ஜெனீவா மோட்டார் ஷோவில் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்ற காரை அறிமுகப்படுத்தியது. டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின், 500 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல், எடை 1,370 கிலோ. உலகம் முழுக்க மொத்தமே 991 கார்கள். அமெரிக்காவில் ஆரம்ப விலை 1,84,900 டாலர். ஆயுள் 10 வருஷம், கழிவு மதிப்பு 10 சதவீதம்னு வெச்சுக்கிட்டா, நம்ம ஃபார்முலாப்படி வருஷத்துக்கு 16,641 டாலர் குறையணும். ஒரு வருஷம் கழிச்சு அந்தக் கார் 1,68,259 டாலருக்கு விக்கணும்.

நிஜத்துல நடந்தது வேற. டெலிவரி ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பழைய கார் சந்தையில விலை பல மடங்கு ஏறிடுச்சு. சிலர் 10 லட்சம் டாலருக்கு மேல கேட்டாங்க.

காரணம் இதுதான். 2013-ல் வந்த 911 ஜிடி3 மாடலில் மேனுவல் கியரே கிடையாது. பிடிகே என்ற டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கிளட்ச் மிதிச்சு ஓட்டணும்னு ஏங்கினவங்களுக்கு 911 ஆர் ஒண்ணுதான் வழி. அதுவும் 918 ஸ்பைடர் வெச்சிருந்த பழைய வாடிக்கையாளர்களுக்குத்தான் முதல்ல போச்சு. "இனிமே இப்படி ஒரு கார் வரவே வராது"ன்னு எல்லாரும் நம்பினாங்க. நம்பிக்கைதான் விலையா மாறுச்சு.

2017-ல் போர்ஷே புது ஜிடி3-ஐ அதே 500 குதிரைத்திறனோட, கூடுதல் கட்டணம் இல்லாத மேனுவல் ஆப்ஷனோட கொண்டுவந்தது. அதே செப்டம்பர்ல, பின்பக்கம் பெரிய விங் இல்லாத டூரிங் பேக்கேஜும் வந்துச்சு. கிட்டத்தட்ட 911 ஆர் கொடுக்கிற அனுபவம், யார் வேணும்னாலும் ஆர்டர் பண்ணலாம். 911 ஆரோட விலை சரிய ஆரம்பிச்சது. பட்டியல் விலைக்குக் கீழே போகலை. ஆனா உச்சத்துல வாங்கினவங்க கையைச் சுட்டுக்கிட்டாங்க. ஷெட்டுல கவர் போட்டு நின்ன காரில் ஒரு போல்ட் கூட மாறலை. ஒரு அறிவிப்புதான் வந்தது.

இதை ஏன் சொல்றேன்னா, "சூப்பர் கார் செலவு இல்ல ப்ரோ, இன்வெஸ்ட்மென்ட்"னு சொல்ற ரீல்ஸ் நம்ம எல்லாரோட ஃபோன்லயும் ஓடுது. அதுக்குக் கீழேயே "ரீசேல் இல்லாத கார் டப்பா கார்"னு கமென்ட்டும் வரும். ரெண்டையும் நான் ஏத்துக்கலை. ரீசேல் விலை காரோட மார்க்‌ஷீட் கிடையாது. என் கணக்குப்படி அது மூணு கேள்விகளோட பதிலைச் சேர்த்துக் காட்டுற ஒரு எண். அந்த மூணுல முதல் கேள்வியைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. மத்த ரெண்டும்தான் நம்மள மாதிரி என்ஜினியரிங் படிக்கிறவங்க கவலைப்பட வேண்டியது.

முதல் கேள்வி: இனிமே வருமா, வராதா?

911 ஆர் கதை இந்தக் கேள்விதான். இன்னொரு உதாரணம் லெக்ஸஸ் எல்எஃப்ஏ. 2010 டிசம்பர்ல இருந்து 2012 டிசம்பர் வரைக்கும் 500 கார்கள் மட்டும் செஞ்சாங்க. யமஹாவோட சேர்ந்து உருவாக்கின 4.8 லிட்டர் வி10 என்ஜின். ஐடிலிங்ல இருந்து 9,000 ஆர்பிஎம் போக 0.6 வினாடி. முள் வெச்ச மீட்டரால அந்த வேகத்துக்கு ஓட முடியாதுன்னுதான் டிஜிட்டல் மீட்டர் வெச்சாங்க. அமெரிக்காவில் விலை 3,75,000 டாலர்.

இவ்வளவு இருந்தும் விக்கலை. உற்பத்தி நின்னு பல வருஷம் ஆன பிறகும் அமெரிக்க டீலர்கள்கிட்ட யாரும் வாங்காத புது எல்எஃப்ஏக்கள் இருந்துச்சு. இன்னைக்கு அதே கார் பட்டியல் விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல போகுது. நடுவுல என்ஜின் நல்லதா மாறிடலை. புகை விதிகளும் டர்போவும் ஹைபிரிடும் வந்து, அந்த மாதிரி வி10 இனி வராதுன்னு ஆயிடுச்சு.

நமக்கு இது புதுசு இல்ல. அதே யமஹாவோட ஆர்எக்ஸ்100-ஐ நினைச்சுப் பாருங்க. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 1985-ல இந்தியாவுக்கு வந்து 1996-ல நின்னுபோச்சு. அதைவிட வேகமா, அதிக மைலேஜ் தர்ற, நல்லா பிரேக் பிடிக்கிற பைக் இப்போ எத்தனையோ இருக்கு. ஆனாலும் கண்டிஷனா இருக்கிற ஆர்எக்ஸ்100-க்கு லட்சத்துக்கு மேல கேக்குறாங்க. ஃபெராரி எஃப்430-லயும் இதே கதைதான். வேகமா கியர் மாறுறது எஃப்1 கியர்பாக்ஸ். சந்தையில விலை அதிகம் மேனுவலுக்கு, ஏன்னா அது குறைவா வித்தது, அப்புறம் ஃபெராரி மேனுவலையே நிறுத்திடுச்சு.

ஆக இந்த முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதிர்ஷ்டமும் அரசு விதிகளும் சேர்ந்தது. யாரும் டிசைன் பண்ணி வரவழைக்க முடியாது. இதை நம்பி கடன் வாங்கிக் கார் வாங்கறது சூதாட்டம். கிலோமீட்டர் ஏறினா விலை குறையும்னு ஓட்டாமலே வெச்சிருக்கறது அதைவிடக் கொடுமை. 1,370 கிலோவுக்கு எடையைக் குறைக்க யாரோ ராத்திரி பகலா உட்கார்ந்து யோசிச்சிருப்பாங்க. அதை ஏசி ரூம்ல ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி பூட்டி வெச்சா, அந்த எடைக் குறைப்பு யாருக்கு?

இரண்டாவது கேள்வி: உள்ளே என்ன இருக்குன்னு தெரியுமா?

செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போகும்போது நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போவோம். விக்கிறவருக்கு வண்டியோட குறை தெரியும், நமக்குத் தெரியாது. மீட்டரைத் திருப்பி வெச்சிருப்பாரோன்னு ஒரு பயம். அதனால நல்ல வண்டிக்கும் குறைச்சுத்தான் கேப்போம். 1970-ல் ஜார்ஜ் ஆகெர்லோஃப் என்ற பொருளாதார அறிஞர் இதைத்தான் ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதினார். வாங்கறவரால நல்லதையும் கெட்டதையும் பிரிச்சுப் பார்க்க முடியலைன்னா, அவர் எல்லாத்துக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வெச்சிருக்கறவர் அந்த விலைக்கு விக்காம விலகிப்பார். கடைசியில் சந்தையில் மிச்சம் இருக்கிறது ஓட்டை வண்டிகள்தான். இந்த வகை ஆய்வுக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

இதுக்கு ஒரு கச்சிதமான உதாரணம் போர்ஷே 996, அதாவது 1997-ல் வந்த 911. தண்ணீரால குளிர்விக்கிற முதல் 911 இதுதான். இதோட சாதாரண மாடல்களில் கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் நடுவுல ஒரு இன்டர்மீடியட் ஷாஃப்ட் சுத்தும். அதோட ஒரு முனையைத் தாங்கறது சீல் பண்ணின ஒரு பால் பேரிங். சீல் தேய்ஞ்சா என்ஜின் ஆயில் உள்ளே போய் கிரீஸைக் கரைச்சிடும். பேரிங் உடைஞ்சா டைமிங் போயிடும், வால்வ் பிஸ்டன்ல இடிக்கும், என்ஜினே காலி. அமெரிக்காவில் இது கோர்ட் வரைக்கும் போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பெரும்பாலான கார்களில் அந்த பேரிங் உடையவே இல்லை. ஆனா எந்தக் காரில் உடையும்னு வெளியே இருந்து பார்த்தா தெரியாது. பேரிங்கைப் பார்க்கணும்னா கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூணையும் கழட்டணும். அதனால பயம் மொத்தமா எல்லாக் கார் மேலயும் விழுந்துச்சு. ரொம்ப வருஷம் 911 வரிசையிலேயே மலிவானது 996-தான். ஆகெர்லோஃப் சொன்னது அப்படியே நடந்துச்சு. அதே தலைமுறையோட டர்போ, ஜிடி3 மாடல்களில் வேற என்ஜின். இந்தப் பிரச்சினை இல்ல, விலையும் தனியா நின்னுச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த பேரிங்கோட நிலையை வெளியே காட்ட ஒரு சென்சாரோ, கியர்பாக்ஸைக் கழட்டாம எட்டிப் பார்க்க ஒரு வழியோ இருந்திருந்தா? உடையுற சில கார்கள் உடைஞ்சிருக்கும். நல்லா இருந்த ஆயிரக்கணக்கான கார்களோட மதிப்பு தப்பிச்சிருக்கும்.

மூன்றாவது கேள்வி: வெளியாளால ரிப்பேர் பண்ண முடியுமா?

996-ஐக் காப்பாத்தினது போர்ஷே இல்ல, தனியார் வொர்க்‌ஷாப்கள். செராமிக் பந்து வெச்ச மாற்று பேரிங் கிட் வந்தது. கிளட்ச் மாத்தும்போதே அதையும் மாத்திடலாம்னு ஒரு வழக்கம் வந்தது. இப்போ 996 விக்கிறவங்க விளம்பரத்துல அந்த வேலை பண்ணின பில்லைத்தான் முதல்ல காட்டறாங்க. பயம் குறைஞ்சது, விலையும் மெதுவா ஏறுச்சு. பிரச்சினை இருந்ததால விலை விழுந்துச்சு. அதைத் திறந்து சரிசெய்ய முடிஞ்சதால மறுபடி எழுந்துச்சு.

இப்போ அதே கம்பெனியோட எலக்ட்ரிக் காரான டைகானைப் பாருங்க. 2019-ல் அறிமுகமானது. ஓட்டிப் பார்த்தவங்க பாராட்டாம இருந்ததில்ல. ஆனா பழைய கார் சந்தையில 911 மெதுவா விலை இறங்கும், டைகானோ சில வருஷத்துலயே பாதிக்கு மேல இழந்துடுது. ஒரு காரணம் டெக்னாலஜி வேகம். 2024-ல் வந்த புது டைகானில் பெரிய பேட்டரி 93.4-ல இருந்து 105 கிலோவாட் ஹவருக்கு ஏறுச்சு, சார்ஜிங் வேகம் 270-ல இருந்து 320 கிலோவாட்டுக்குப் போச்சு. பழசு ஒரே நாள்ல பழசாயிடுச்சு. ஆனா மீதிக் காரணம் நம்ம ரெண்டாவது, மூன்றாவது கேள்விகள்தான். பேட்டரி எவ்வளவு தேய்ஞ்சிருக்கு? 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி முடிஞ்ச பிறகு யார்கிட்ட போறது? அந்தப் பெரிய பேட்டரி 33 மாட்யூலா பிரிச்சுத்தான் செஞ்சிருக்காங்க, ஒண்ணு கெட்டா அதை மட்டும் மாத்தலாம். ஆனா 800 வோல்ட் சிஸ்டத்தைத் திறக்கிற பயிற்சியும் சாஃப்ட்வேரும் தெருமுனை வொர்க்‌ஷாப்ல கிடைக்குமா?

"கம்பெனிக்கு இதுல என்ன? முதல் தடவை வித்தா லாபம், ரெண்டாவது ஓனரைப் பத்தி அவங்களுக்கு எதுக்கு"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த மாதிரி கார்களில் நிறைய லீஸ்ல போகுது. மூணு வருஷம் கழிச்சு கார் என்ன விலைக்குப் போகும்னு கணிச்சுத்தான் மாச வாடகை போடறாங்க. பழைய விலை விழுந்தா புதுக் காரோட வாடகை ஏறும், இல்ல லீஸ் கம்பெனி நஷ்டத்தைச் சுமக்கும். ரெண்டாவது ஓனரோட பயத்துக்கு முதல் ஓனர்தான் காசு கட்டறார்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் புரிஞ்சுக்கிட்டதுன்னுதான் தோணுது. 2023-ல் கொண்டுவந்த பேட்டரி சட்டப்படி 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே விக்கிற எலக்ட்ரிக் வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வேணும். பேட்டரியோட பிறப்பு, உள்ளே இருக்கிறது, நிலைமை எல்லாத்தையும் பதிவு பண்ற ஒரு ஜாதகம் மாதிரி. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போற நம்ம பழக்கத்தோட சட்ட வடிவம்னு வெச்சுக்கலாம்.

இன்னும் சில மாசத்துல நம்மள்ல பல பேர் ஏதாவது ஒரு கம்பெனியில பேரிங், பேட்டரி பேக், சாஃப்ட்வேர்னு ஏதாவது ஒரு துண்டை டிசைன் பண்ணிக்கிட்டு இருப்போம். 911 ஆர் மாதிரி விலை ஏறுற பொருளைச் செய்யறது நம்ம கையில இல்ல. ஆனா 996-ல விட்ட அந்த ரெண்டு விஷயம் நம்ம கையில இருக்கு. அதனால ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூல எஃபிஷியன்சி, காஸ்ட் ஸ்லைடுகளுக்கு அப்புறம் இன்னொரு ஸ்லைடு சேர்த்துப் பாருங்க. சீக்கிரம் தேயுற பாகம் எது, அதைக் கழட்டாம எப்படிப் பார்க்கறது, கெட்டுப்போனா நம்மகிட்ட வராம யார் மாத்தலாம்? இந்த மூணுக்கும் பதில் எழுத முடியலைன்னா, டிசைன் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.