தறி மிதிக்கும் கால் உடைந்தால்...

சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். கால் பிசகுவதென்னவோ இறங்கும்போதுதான். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு உடைந்து, மாவுக்கட்டோடு வீடு திரும்பும் நெசவாளருக்கு முதல் கேள்வி, "தறியில எப்பங்க உக்காரலாம்?" என்பதாகத்தான் இருக்கும். கைத்தறி என்று பெயர் இருந்தாலும் கால் மிதித்தால்தான் போர்வை வளரும். கட்டு இருக்கும் நாளெல்லாம் கூலி இல்லை.

வெளிப்பக்க எலும்பு மட்டும் உடைந்து, மூட்டு விலகாமல், உள்பக்கத் தசைநார் உறுதியாக இருந்தால் அது 'நிலையான முறிவு'. பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. படுத்தபடி எடுத்த படத்தில் சரியாகத் தெரியும் மூட்டு, காலை ஊன்றும்போது விலகலாம். அதனால்தான் சந்தேகமுள்ளவர்களுக்கு, ஒரு வாரம் போல் கழித்து, நிற்க வைத்து மறுபடி படம் எடுக்கிறார்கள். செலவைப் பார்த்துத் தவிர்க்கக் கூடாத படம் இது.

இதில் மூட்டு இடைவெளி சீராக இருந்துவிட்டால், வாரம் தவறாமல் படம் எடுப்பதில் பெரிய பயனில்லை. எலும்பு கூடுவதை எக்ஸ்ரே தாமதமாகத்தான் காட்டும். ஆறாவது வாரத்திலும் கோடு தெரியலாம். அமுக்கினால் வலியில்லை, ஊன்றி நடக்க முடிகிறது என்றால் அந்தக் கோட்டைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கட்டு எத்தனை நாள்? வழக்கம் 6 வாரம். பின்லாந்தில் இத்தகைய முறிவுள்ள 247 பேரிடம் நடந்த ஆய்வு, 2019-ல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் வெளியானது. 3 வாரம் மட்டும் மாவுக்கட்டோ கணுக்கால் பட்டையோ போட்டவர்கள், ஓராண்டு கழித்து 6 வாரக்காரர்களுக்குச் சளைக்கவில்லை. கூலி வேலை பார்ப்பவருக்கு 3 வாரம் சின்ன விஷயமா? மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். வீட்டிலேயே கட்டைப் பிரிப்பது மட்டும் வேண்டாம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வலி தெரியாமலே மூட்டு சிதையலாம். அவர்களுக்குக் கட்டும் நீளும், படங்களும் கூடும்.

கட்டுக்குள் தாங்க முடியாத வலி, விரல் நீலம் பாய்தல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் - இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்துப் பெருந்துறையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கட்டு பிரித்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி. மருத்துவர் சரி என்றதும் தறியில் முதலில் அரை மணி நேரம். வீங்கினால் காலை உயர்த்தி வைத்து ஓய்வு. மலைப்படி அதற்கப்புறம்.