பவுடர் கோட்டிங் எல்லாச் சக்கரத்துக்கும் அல்ல

"பெயின்ட் உரியும், பவுடர் கோட்டிங் உரியாது, ஆகவே எந்தச் சக்கரமானாலும் பவுடர்தான்" என்கிறார்கள். கல்லடியைப் பவுடர் பூச்சு பெரும்பாலும் கூடுதலாகத் தாங்கும், சரி. அதிலிருந்து இந்த "ஆகவே" எப்படி வந்தது? முதலில் சூட்டைப் பாருங்கள். பவுடர் உருகி இறுகப் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்புச் சக்கரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அலாய் சக்கரம் அப்படியா? அதில் பெரிதும் பயன்படும் ஏ356 அலுமினியக் கலவைக்கு வலிமை ஏறுவதே சுமார் 155 டிகிரியில் சில மணி நேரம் பதப்படுத்துவதால்தான். அதற்கு மேற்பட்ட சூட்டில் நெடுநேரமோ திரும்பத் திரும்பவோ கிடந்தால் ஏறிய வலிமை இறங்கும். "கம்பெனியிலேயே பவுடர் அடிக்கிறார்களே?" அடிக்கிறார்கள். அங்கே சூடும் நிமிடமும் கணக்கில் உண்டு. பட்டறை அடுப்பில் அதை அளப்பது யார்?

அடுத்து, உரியாது என்ற பேச்சு. பழைய பூச்சும் அரிப்பும் முழுதாகப் போகாவிட்டால் எந்தப் பூச்சும் நிற்காது. பவுடரில் ஒரு கல் பட்டு ஊசிமுனை அளவு பொத்தல் விழட்டும்: உப்பு நீர் புகுந்து, பூச்சுக்கு அடியில் மயிரிழைபோல அரிப்பு ஊர்ந்து பரவும். பெயின்டிலும் இது நடக்கும்; ஆனால் அங்கே அந்த இடத்தை மட்டும் தேய்த்து அடித்துவிடலாம். பவுடரைச் சரியாகப் புதுப்பிக்கச் சக்கரம் முழுவதையும் உரித்து மீண்டும் அடுப்பில் ஏற்ற வேண்டும். நட் உட்காரும் சரிவில் பூச்சு படிந்தாலோ, அது நசுங்கி நட்டின் பிடி தளரும்; இது உயிர் சம்பந்தப்பட்டது.

இரும்புச் சக்கரமென்றால் பவுடர் அடியுங்கள். அலாய் என்றால், அடுப்பின் சூட்டையும் நேரத்தையும் சொல்லத் தெரியாத பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.